டாக்டர் ஹூ காமிக்ஸ்: உங்கள் கையில் முதலில் கிடைத்தது எது?

காலத்திலும் விண்வெளியிலும் சுற்றும் டாக்டரை, பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரின் நாயகரை, நான் முதலில் சந்தித்தது டிவியில் இல்லை, காகிதத்தில். லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டில் இருந்த ஒரே டிவி அப்பாவின் செய்திக்கும் மாமாவின் கிரிக்கெட்டுக்குமே சரியாக இருக்கும். பக்கத்துத் தெருப் பழைய புத்தகக் கடையில் இதழ்களைச் சணலால் கட்டி வாசலில் போட்டிருப்பார்கள். அதில் ஒரு கட்டு 'டாக்டர் ஹூ வீக்லி'. மார்வெலின் பிரிட்டன் கிளை 1979 அக்டோபரில் தொடங்கிய இதழ். முதல் இதழின் விலை 12 பென்ஸ்.

அந்தக் கட்டில் இருந்தது 'த ஸ்டார் பீஸ்ட்'. 1980இல் எட்டு வாரம் வந்த தொடர்கதை. எழுத்து பாட் மில்ஸ், ஜான் வாக்னர். ஓவியம் டேவ் கிப்பன்ஸ். பிளாக்காசில் என்ற இரும்பாலை ஊரில் ஷாரன், ஃபட்ஜ் என்று இரண்டு பள்ளிப் பிள்ளைகள். அவர்களிடம் ஒரு பிராணி வந்து சேர்கிறது. உடம்பெல்லாம் பஞ்சு மயிர், பெரிய கண், பெரிய காது. வாயைத் திறந்தால் "மீப் மீப்". அதைத் துரத்தி வருபவர்களோ பார்க்கவே பயமான பூச்சி முக வீரர்கள். யார் பக்கம் நிற்போம்? நானும் மீப் பக்கம்தான் நின்றேன். அப்புறம்தான் அதன் தலைக்கு மேலே இருக்கும் சிந்தனைக் குமிழைப் படிக்கிறோம். தன்னைக் காப்பாற்றித் தடவிக்கொடுக்கும் பிள்ளைகளைப் பற்றி அது நினைப்பதெல்லாம் அருவருப்பும் கொலைவெறியும்! பிள்ளைகளுக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, வாசகனுக்கு மட்டும் தெரியும். கொஞ்சலும் கொடூரமும் ஒரே கட்டத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக. காமிக்ஸால் மட்டும் இவ்வளவு சுலபமாகச் செய்ய முடிகிற காரியம் இது.

ஷாரனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் ஒரு கறுப்பினப் பெண். கதை முடிவில் டாக்டருடன் அவருடைய காலக்கப்பலான டார்டிஸில் ஏறிப் போகிறாள். டிவி தொடரில் அப்படி ஒரு பெண் டாக்டருக்குத் துணையாக வர 2007 ஆயிற்று. வெள்ளை முகங்களே நிறைந்த பக்கங்களில் அவளைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அவளுக்கு நியாயம் செய்யவில்லை என்பது என் தீராத வருத்தம். ஒரு கதையில் திடீரென்று நான்கு வயது கூட்டிவிட்டார்கள். சீக்கிரமே கல்யாணம் கட்டிக் கதையை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

உங்களுக்கு எது? விரிவாகவே எழுதுங்கள்.

* * *

நல்ல இழை அண்ணா. என் கதை டாக்டர் இல்லாத டாக்டர் ஹூ.

1965 ஜனவரியில் 'டிவி செஞ்சுரி 21' என்று ஒரு வார இதழ் தொடங்கியது. அதன் பின்னட்டையில் முழு வண்ணத்தில் ஒரே ஒரு பக்கம், வாராவாரம், உலோகக் கவசத்துக்குள் வாழும் டாக்டரின் பரம எதிரிகளான டாலெக்குகளின் கதை. 104 வாரம் ஓடியது. டிவி தொடரின் முதல் கதைத் தொகுப்பாசிரியராக இருந்த டேவிட் விட்டேகர்தான் எழுதினார். 1994இல் மார்வெல் மொத்தத்தையும் ஒரே தொகுப்பாகப் போட்டபோது நான் வாங்கினேன்.

டிவியில் டாலெக் என்றால் நடைவழியில் உருண்டு வந்து கத்தும், அவ்வளவுதான். இங்கே அவற்றுக்கு ஒரு முழு நாகரிகமே இருக்கிறது. பிரமாண்டமான நகரங்கள், விண்கலப் படைகள், கோளமான பெரிய தலையுடன் தங்கநிறச் சக்கரவர்த்தி. ஸெக் என்று ஒரு டாலெக் விபத்தில் உடைக்க முடியாத உலோகக் கவசம் பெற்று, அந்தச் சக்கரவர்த்தியையே சண்டைக்கு அழைக்கும். இன்னொன்று பூக்களின் அழகைக் கண்டு அவற்றை அழிக்க மறுக்கும். வில்லனையே கதாநாயகனாக வைத்து, அவனை நல்லவனாக்காமலும் நூறு பக்கம் நம்மை இழுத்துக்கொண்டு போவது சாதாரண வேலையா? பின்பகுதியை வரைந்த ரான் டர்னரின் விண்கலங்களை இன்றைக்கும் ரசித்துக்கொண்டே இருக்கிறேன்.

* * *

ஷாரனைப் பற்றி அண்ணா எழுதியதைப் படித்ததும் எனக்கு இஸ்ஸியின் ஞாபகம் வந்துவிட்டது.

நான் வளர்ந்தது டிவியில் தொடர் இல்லாத காலத்தில். 1989 டிசம்பரில் நிறுத்தினார்கள், 2005 மார்ச்சில்தான் திரும்பி வந்தது. நடுவில் 1996இல் ஒரே ஒரு டிவி படம். டாக்டர் சாகும் தறுவாயில் புது உருவம் எடுப்பார். அந்தக் காலத்தில் டிவியில் அந்தப் படத்தில் மட்டும் தோன்றிய எட்டாவது உருவம், அதாவது எட்டாவது டாக்டர், பின்னாளில் மாத இதழாகிவிட்ட அதே டாக்டர் ஹூ இதழின் காமிக்ஸில் வருஷக்கணக்காக வாழ்ந்தார். அவருடைய துணைதான் இஸ்ஸி. ஸ்டாக்பிரிட்ஜ் என்ற கிராமத்துப் பெண், விண்வெளிக் கதைப் பைத்தியம், வளர்ப்புப் பெற்றோருடன் ஒட்டாதவள்.

2001இல் 'ஒஃபிடியஸ்' என்ற கதையோடு இதழின் காமிக்ஸ் முழு வண்ணத்துக்கு மாறியது. ஸ்காட் கிரே எழுத்து, மார்ட்டின் ஜெராட்டி ஓவியம். வண்ணம் வந்த அதே கதையில் இஸ்ஸியின் உடம்பையே ஒருத்தி களவெடுத்துவிடுகிறாள். டெஸ்ட்ரி என்ற மீன் போன்ற வேற்றுக்கிரகத்துப் பெண். அவளுடைய உடம்புக்குள் இஸ்ஸி மாட்டிக்கொள்கிறாள். ஒரு கதையோடு சரிசெய்து கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை! மாதங்கள் ஓடின. அவள் அந்த உடம்போடேயே சாப்பிட வேண்டும், அழ வேண்டும், கண்ணாடியைப் பார்க்க வேண்டும்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. வீட்டில் ஒரு ஆள், பள்ளிக்கூடத்தில் வேறொரு ஆள். கண்ணாடி என்றாலே வெறுப்பு. அந்த மீன் முகத்தின் கண்களில் ஜெராட்டி இஸ்ஸியை விடாமல் வைத்திருந்தார். தோல் வேறு, செவுள் வேறு, பார்வை மட்டும் அவளுடையது. அந்தப் பக்கங்களை நான் எத்தனை தரம் புரட்டியிருப்பேனோ. 'ஒப்ளிவியன்' கதையில் சொந்த உடம்பு கிடைத்ததும் அவள் டாக்டரிடம் விடைபெற்று வீட்டுக்குப் போகிறாள், முன்பு விட்டு ஓடிவந்த அதே அம்மா அப்பாவிடம். படித்து முடித்ததும் கீழே இறங்கிப் போய் அம்மாவுடன் குசினியில் நின்றேன். என்னம்மா என்று கேட்டா. ஒண்டுமில்லை என்று சொன்னேன்.

தொடர் இல்லாத காலத்தை வெற்றுக் காலம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். டாக்டர் அந்தப் பக்கங்களில் உயிரோடுதான் இருந்தார்.

* * *

சென்னையிலிருந்து எழுதுகிறேன். எனக்குப் பழைய இதழ் எதுவும் கிடைக்காது. பானினி நிறுவனம் போட்ட தொகுப்புகள்தான் கதி. நண்பன் லண்டனிலிருந்து வரும்போதெல்லாம் ஒன்று கொண்டுவருவான்.

'த டைட்ஸ் ஆஃப் டைம்' தொடக்கத்தை யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன். 1982இல் வந்தது, ஸ்டீவ் பார்க்ஹவுஸ் எழுத்து, கிப்பன்ஸ் ஓவியம். அக்கா சொன்ன அதே ஸ்டாக்பிரிட்ஜில் ஐந்தாவது டாக்டர் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறார். வெயில், புல்வெளி, வெள்ளை உடை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பந்து கையெறி குண்டாக மாறிவிடுகிறது! காலத்தைச் சீராக ஓடவைக்கும் ஒரு பிரமாண்ட இசைக்கருவியை ஒரு அரக்கன் கைப்பற்றிவிட்டான். அதனால் எல்லா யுகங்களும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துகொண்டிருக்கின்றன. இதை எண்பதுகளின் டிவி பட்ஜெட்டில் எடுக்க முடியுமா? கிப்பன்ஸுக்கு மையும் காகிதமும் போதுமானதாக இருந்தது.

ஜான் ரிட்ஜ்வே வரைந்த 'வாயேஜர்' படித்தவர்கள் உண்டா? பென்குவின் உருவத்தில் திரியும் துப்பறிவாளன் ஃப்ரோபிஷர் அதில்தான் எனக்கு அறிமுகம். வண்ணம் தீட்டிய பதிப்பும் உண்டு, ஆனால் கறுப்பு வெள்ளையிலேயே படியுங்கள். ரிட்ஜ்வேயின் மெல்லிய கோடுகள் வண்ணத்துக்கு அடியில் காணாமல் போய்விடுகின்றன.

* * *

எல்லோருக்கும் நன்றி. இஸ்ஸி கதையை நான் வாசித்ததில்லை தங்கச்சி, உடனே தேடுகிறேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. 2023 நவம்பரில் 'த ஸ்டார் பீஸ்ட்' டிவிக்கே வந்தது, தொடரின் அறுபதாம் ஆண்டுச் சிறப்புக் கதையாக. ரஸ்ஸல் டி. டேவிஸ் எழுதினார், மீப்புக்குக் குரல் மிரியம் மார்கோலிஸ். என் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். எழுத்தோட்டத்தில் பாட் மில்ஸ், டேவ் கிப்பன்ஸ் பெயர்கள் வந்தபோது கை தட்டினேன். நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து உரியவர்களுக்குப் போன மரியாதை அது. மீப் பல்லைக் காட்டியதும் மகள் அலறிவிட்டாள். அந்தச் சிந்தனைக் குமிழ்கள் திரையில் இல்லை என்பது எனக்குக் குறைதான். ஷாரனும் இல்லை. மூலக்கதையைக் கொடுத்தேன். ஒரே மூச்சில் முடித்துவிட்டு, "ஷாரனை ஏன் எடுத்துவிட்டார்கள் அப்பா?" என்று சண்டைக்கு வந்தாள்.

அவளுக்கு இப்போது டாலெக் கதைகள் வேண்டுமாம். அந்த 1994 தொகுப்பு வைத்திருப்பவர், இரவல் தர மனமிருந்தால் சொல்லுங்கள். நான் நேரில் வந்து வாங்கி, பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.