மறு: லீட் ரூம் – தமிழில் என்ன சொல்வது? (பறவைப் படக் கலைச்சொற்கள்)

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பறவைப் படத்தில், பறவை போகிற அல்லது பார்க்கிற பக்கத்தில் விடும் காலி இடத்துக்கு (ஆங்கிலத்தில் லீட் ரூம்) 'போக்கிடம்', 'நோக்கிடம்' என்று இரண்டு சொற்களை முன்வைத்திருந்தேன். வந்த மறுப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில்.

> 'முன்வெளி' எளிதாக இருக்கிறதே, அது போதாதா?

எளிதுதான், ஆனால் எதற்கு முன் என்ற கேள்வி வரும். பச்சைப் பஞ்சுருட்டான் கம்பியில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். உடம்பு வலப்பக்கம் இருக்கும்; பூச்சி ஏதாவது கண்ணில் பட்டால் தலையை முழுக்க இடப்பக்கம் திருப்பிவிடும். படம் எடுப்பவர் இடம் விட வேண்டியது தலை திரும்பிய பக்கம். 'முன்வெளி விடு' என்று சொல்லிக்கொடுத்தால் புதிதாக வருபவர் நெஞ்சுக்கு முன்னால் விட்டுவிட்டு வருவார். மீன்கொத்தி இன்னும் சிக்கல். கிளையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்க்கிற மீன்கொத்திக்கு இடம் வேண்டியது கீழே. அதை 'முன்' என்று யாரும் சொல்ல மாட்டோம்.

> அப்படியானால் 'பார்வைவெளி'?

பார்வைவெளி என்றால் பறவையின் கண்ணுக்குத் தெரிகிற பரப்பு முழுவதும் என்று பொருள்படும். பெரும்பாலான பறவைகளுக்குக் கண் பக்கவாட்டில். வாத்துக்குத் தலையைத் திருப்பாமலே ஏறக்குறையச் சுற்றிலும் தெரியும். அதற்குப் பார்வைவெளி விடுவதென்றால் நாலு பக்கமும் விட வேண்டியதுதான்! நாம் சொல்ல வருவது அலகும் கண்ணும் சேர்ந்து காட்டுகிற ஒரு திசையை. 'நோக்கு' என்ற சொல்லில் அந்தக் குறி இருக்கிறது. வெறுமனே பார்ப்பது வேறு, நோக்குவது வேறு.

> 'போக்கிடம்' என்றதும் 'போக்கிடம் இல்லாதவன்' என்பதுதான் நினைவுக்கு வருகிறது. படக்கலைக்கு ஒட்டுமா?

எனக்கு இந்தச் சொல் பிடித்ததே அதனால்தான். மஞ்சள்மூக்கு நாரை முழுச் சிறகையும் விரித்து வருகிறது, அலகின் நுனி சட்டகத்தின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது, வாலுக்குப் பின்னால் பாதிப் படம் காலி. இதில் என்ன குறை என்று கேட்டால் 'பறவைக்குப் போக்கிடம் இல்லை' என்றால் போதும். ஒளிப்படம் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் புரியும். மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிற சொல், புதுப் பொருளில் வருகிறது, அவ்வளவுதான். ஆங்கிலத்திலும் இது சினிமா, தொலைக்காட்சிக் கேமராக்காரர்களின் பேச்சிலிருந்து வந்தது. நோஸ் ரூம் என்றும் சொல்வார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்க்கப் போனால் ஒன்று 'மூக்கறை' ஆகும், இன்னொன்று 'ஈய அறை' ஆகும். வேண்டாம்.

> சரி, ஆனால் ஒரு கருத்துக்கு இரண்டு சொல் எதற்கு?

இதுதான் நல்ல கேள்வி. இரண்டும் ஒரே கருத்து அல்ல என்பது என் எண்ணம். உட்கார்ந்திருக்கும் பறவையில் உடம்பு ஒரு பக்கம், பார்வை ஒரு பக்கம் இருக்கலாம். அங்கே தலைதான் முடிவு செய்கிறது. அசைகிற பறவையில் அசைவின் திசைதான் முடிவு செய்கிறது. கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் சிறகடித்து நின்று நேர்கீழாகப் பாயும். அதற்குப் போக்கிடம் கீழே. அகலப் படத்தை நெட்டுப் படமாக மாற்றினால்தான் அந்தப் பாய்ச்சல் படத்தில் நிற்கும். பூநாரை எழும்பும் முன் தண்ணீரில் கொஞ்ச தூரம் ஓடும். அந்த ஓட்டத்துக்கும் சேர்த்து நீளமாக விட வேண்டும். ஆந்தைக்கு இரண்டு கண்ணும் முன்பக்கம். புள்ளி ஆந்தை நேராகக் கேமராவைப் பார்க்கும்போது நோக்கிடம் என்ற பேச்சே இல்லை, நட்ட நடுவில் வைத்தாலும் படம் நிற்கும். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த வேறுபாடுகளை விளக்கப் போனால் ஒவ்வொரு முறையும் அரைப் பக்கம் எழுத வேண்டிவரும்.

போக்கிடம் எப்போதும் கட்டாயம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாமக்கோழி தண்ணீர்மேல் தடதடவென்று ஓடி எழும்பும்போது காலடிப்பட்ட இடமெல்லாம் நீர் தெறிக்கும். அந்தத் தடம் பறவைக்குப் பின்னால்தான் இருக்கிறது. முன்னால் இடம் வேண்டும் என்று பின்னால் வெட்டினால் படத்தின் கதையே போய்விடும். இதற்கு 'தடவெளி' என்று வைக்கலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது, வற்புறுத்தவில்லை.

> எப்படியும் கணினியில் கிராப் செய்யும்போது பார்த்துக்கொள்ளலாமே, இதற்கு இவ்வளவு விவாதமா?

எடுக்கும்போது விடாத இடம் கிராப்பில், அதாவது ஓரங்களை வெட்டிச் சிறிதாக்கும்போது, வராது. பெரிய லென்ஸ் கையில் வந்ததும் பறவையைச் சட்டகம் நிறைய எடுக்கத்தான் தோன்றும். அப்புறம் சிறகு நுனி ஒரு பக்கம் வெட்டுப்படும், போக்கிடத்துக்கு வழியே இருக்காது. கொஞ்சம் தளர்வாக எடுத்துவிட்டு, பின்பக்கத்தைக் குறைத்துப் பறவையை ஓரத்துக்குத் தள்ளுவதுதான் நடைமுறை. ஆனால் அதற்கும் விலை உண்டு. 24 மெகாபிக்சல் கோப்பு 6000 × 4000 புள்ளி. நீளத்திலும் உயரத்திலும் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது 3000 × 2000, அதாவது 6 மெகாபிக்சல்தான். திரையில் பார்க்கத் தாராளம். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சிட்டால் 10 அங்குல அகலம்தான் வரும்.

இப்போது மென்பொருளில் ஓரத்தை நீட்டி, இல்லாத வானத்தையும் தண்ணீரையும் நிரப்பிக்கொள்ள முடிகிறது. இதையும் போக்கிடம் என்றே சொன்னால் குழப்பம் வரும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் கிராப் செய்யலாம், எடுத்தபோது படத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது. சரிபார்க்க மூலக்கோப்பையும் கேட்பார்கள். அதனால் நிரப்பிய இடத்துக்கு 'ஒட்டிடம்' என்று தனியாக ஒரு பெயர் வைப்பது நல்லது. கொஞ்சம் இளக்காரமாக ஒலிக்கிறதா? ஒலிக்கட்டும்.

கிராப்புக்கு 'நறுக்கு' வேண்டும் என்று கேட்ட அக்காவுக்கு: நல்ல சொல்தான், எனக்கும் ஆசைதான். ஆனால் கைபேசிகளின் தமிழ் இடைமுகத்தில் 'செதுக்கு' பழகிவிட்டது. பழகியதைப் பிடுங்கி நட வேண்டாமே.

சொற்தொகுப்புக்கான வரைவு இது:

போக்கிடம் – அசையும் பறவை செல்லும் திசையில், சட்டகத்தின் ஓரம்வரை உள்ள இடம். 'போக்கிடம் போதவில்லை', 'கீழ்ப்போக்கிடம்' எனலாம்.

நோக்கிடம் – நிலையாக உள்ள பறவையின் கண்ணும் அலகும் காட்டும் திசையில் உள்ள இடம். 'நோக்கிடம் விட்டுச் செதுக்கு' எனலாம்.

ஒட்டிடம் – எடுத்த பின் மென்பொருளால் சேர்த்த இடம்.

நெகடிவ் ஸ்பேஸையும் இதில் கலக்கிறார்கள் சிலர். அது பறவையைச் சுற்றியுள்ள மொத்த வெறுமை, திசை கிடையாது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இந்த மூன்றில் மறுப்பு இருப்பவர்கள் இந்த ஞாயிறுக்குள் எழுதினால் விக்சனரி இணைய அகராதியில் ஏற்றும் முன் திருத்திவிடலாம்.

அன்புடன்