நாலு பழைய பைக், கப்பல்ல வரணும்: அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

வெளிநாட்டில் நாலு பழைய பைக் வாங்கி இறக்கத் திட்டம். கணக்கு போட்டாச்சு, இடிக்கிற இடங்களை மட்டும் கேட்கிறேன்.

முழு பைக்குக்குப் பெட்டி 2.2 × 0.9 × 1.3 மீட்டர், சுமார் 2.6 கன மீட்டர். முன்சக்கரம், ஹேண்டில்பார், கண்ணாடி கழற்றினால் 1.9 × 0.7 × 1.1, அதாவது 1.5 தான். மற்றவங்க சரக்கோடு பங்கு போட்டு அனுப்பினால் கன மீட்டர் கணக்கில்தான் கூலி, அதனால் கழற்றுவது லாபம். ஆனால் சக்கரம் இல்லாத ஃபோர்க்கை (முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்பிரிங் வச்ச இரட்டைக் குழாய்) எப்படித் தாங்க வைக்கிறீங்க? ஆக்சிலைத் திரும்பச் செருகி மரக்கட்டையில் போல்ட் போட்டால் போதுமா? பட்டையை இறுக்கி ஃபோர்க்கை அடிவரை அமுக்கினால், வாரக்கணக்கில் அப்படியே கிடந்து ஆயில் சீல் கசியலாம். பாதி அமுக்கினால் கடல் ஆட்டத்துக்கு நிற்குமா?

பெட்ரோல் வடிக்கணும், பேட்டரி முனைகளைக் கழற்றி டேப் சுத்தணும், பெட்டி மரத்துக்கு, பூச்சி நீக்கியதுன்னு காட்டும் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை வேணும். இதெல்லாம் தெரியும்.

கப்பல் கூலி மலிவாத்தான் காட்டுறாங்க. இறங்கிய பிறகு கிடங்கு, கையாளும் கட்டணம், தாமத வாடகைன்னு வருதே, அதை முன்கூட்டியே எழுத்தில் வாங்க முடிஞ்சுதா? வரியும் பல நாடுகளில் விலை, கூலி, காப்பீடு மூணும் சேர்ந்த தொகைக்குத்தான்.

முக்கியமான கேள்வி: தயாரிப்பாளரின் தரச்சான்று இல்லாமல் பழைய வண்டியை யாராவது பதிவு பண்ணியிருக்கீங்களா? ஹெட்லைட்டை மட்டும் மாத்தச் சொன்னாங்களா, புகைச் சோதனையும் கேட்டாங்களா? எந்த நாடு, வண்டி எந்த வருஷத்துதுன்னும் சேர்த்துச் சொல்லுங்க.