நீல மணியை எடுத்தால்தான் வழி: மூளைப் படமும் திட்டமிடலும்

படிப்புக்காக லண்டன் வந்த இரண்டாம் ஆண்டு. மனிதர்கள் திட்டமிடும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று, மூளை வேலை செய்வதைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவியில் பார்க்கும் ஆய்வுக்குத் தன்னார்வலராகப் போனேன். உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. தாலிச் சங்கிலியைச் சுலபமாகக் கழற்றிவிட்டேன். மெட்டியைத்தான் சோப்பு போட்டு உருவ வேண்டியதாயிற்று.

படுக்க வைத்துத் தலையைச் சுற்றிக் கூண்டு போன்ற ஒன்றை மாட்டினார்கள். கண்ணுக்கு மேலே சிறு கண்ணாடி. அதில்தான் திரை தெரியும். மூன்று குச்சிகள், சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று மணிகள். ஒரு குச்சியில் மூன்று மணிகள் கொள்ளும், அடுத்ததில் இரண்டு, கடைசியில் ஒன்றே ஒன்று. மேலே காட்டிய வரிசைக்கு வர எத்தனை நகர்த்தல் வேண்டும் என்று மனத்திலேயே பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும். உளவியலாளர் டிம் ஷாலிஸ் 1982இல் வெளியிட்ட 'லண்டன் கோபுரம்' சோதனையின் ஒரு வடிவம் இது.

இரண்டு, மூன்று என்றால் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. ஐந்தில் திணறிப்போனேன். சேர வேண்டிய இடத்தில் ஏற்கெனவே இருக்கும் நீல மணியை அங்கிருந்து எடுத்து ஓரமாக வைத்தால்தான் வழி பிறக்கும். மனம் அதற்குச் சம்மதிக்கவே இல்லை.

இடையிடையே மணிகளை வெறுமனே எண்ணவும் சொன்னார்கள். பார்ப்பதற்கும் எண்ணுவதற்கும் பொத்தானை அழுத்துவதற்கும் உரிய மூளை வேலையைக் கழித்தால் மிஞ்சுவதே திட்டமிடல் என்று ஆய்வு மாணவி பிறகு விளக்கினார். கருவி அளப்பது ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை. அதுவும் ஐந்தாறு விநாடி பிந்தித்தான் உச்சத்துக்கு வருமாம். நகர்த்தல்கள் கூடக்கூட நெற்றிக்குப் பின்னே, மூளையின் முன்பகுதியான முன்மடலின் பக்கவாட்டில் வேலை கூடுகிறது.

*

அக்கா, நீங்கள் மேலே எழுதிய நீல மணிக் கதையைப் படித்ததும் அப்பா நினைவு வந்துவிட்டது. விபத்தில் நெற்றியில் அடிபட்டுத் தேறியவர். ஸ்கேனில் முன்மடலில் தழும்பு. பேச்சிலும் ஞாபகத்திலும் குறையில்லை. வட்டிக் கணக்கை இன்றும் விரலிலேயே போடுவார். ஆனால் தபால் நிலையம், மருந்துக்கடை, ரேஷன் மூன்றையும் ஒரே நடையில் முடிக்க அவரால் முடியாது. ஒருநாள் மருந்துக்கடை வாசலைத் தாண்டிப் போய், சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினார். என்ன மருந்து என்று கேட்டால் பார்க்காமலே சொன்னார். அலட்சியம் என்றார்கள் உறவினர்கள். நானும் கத்தியிருக்கிறேன்.

அதே ஷாலிஸும் பால் பர்ஜெஸும் 1991இல் முன்மடல் பாதிக்கப்பட்ட மூன்று பேரைக் கடைத்தெருவுக்கே அனுப்பிப் பார்த்தார்கள். அறிவுத் தேர்வுகளில் நன்றாகச் செய்தவர்கள், சில சாமான் வாங்கி வருவதில் தடுமாறினார்கள். மருத்துவர் இதைச் சொன்ன அன்று அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது ஒரு நடைக்கு ஒரு வேலைதான். மருந்துக்கடைக்குக் காலைக் காபி முடிந்ததும் போய்விடுகிறார்.