வாஞ்சியைப் பற்றி வடசென்னையில் நான் கேட்டவை

வாஞ்சிநாதனைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்தது இரண்டு வரிதான்: மணியாச்சியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். மீதியைச் சொன்னவர்கள் எங்கள் பக்கத்து மனிதர்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சிக்குத் தென்காசிப் பக்கம். வாஞ்சி அவருக்கு ஊர்ப்பையன். "செங்கோட்டைக்காரன்டே. சொந்தப் பேரு சங்கரன். புனலூர்ல காட்டிலாகா உத்தியோகம், வீட்ல பொண்டாட்டி. இருபத்தஞ்சு வயசுல எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிட்டான்" என்று பொட்டலம் கட்டியபடியே சொல்வார். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஒடுக்கிய கதை, 1908 மார்ச்சில் அவர் கைதானதும் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போனது எல்லாம் அண்ணாச்சி வாயால் கேட்டதுதான். அந்தச் சமயத்தில் தூத்துக்குடியில் சப் கலெக்டராக இருந்தவர் ஆஷ். நீலகண்ட பிரம்மச்சாரியின் ரகசியச் சங்கத்தில் வாஞ்சி சேர்ந்ததும், புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் துப்பாக்கிப் பயிற்சி எடுத்ததும் அதற்கப்புறம். 1911 ஜூன் 17 காலை, கொடைக்கானலுக்குக் கிளம்பிய ஆஷ் மணியாச்சியில் மனைவியோடு ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்தபோது சுட்டார். பிறகு பிளாட்பாரக் கழிப்பறைக்குள் ஓடித் தன் வாயில் சுட்டுக்கொண்டார்.

தம்புச் செட்டித் தெருவில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தபோதுதான், ஆஷ் கொலை வழக்கு நடந்தது எதிரே நிற்கும் ஐகோர்ட்டில் என்பது தெரிந்தது. எங்கள் சீனியர் சொன்னார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 14 பேர், நீலகண்டருக்கு 7 வருடம். அவர்களுக்காக வாதாடியவர்களில் ஒருவர், பின்னாளில் சென்னை மாகாண முதல்வரான பிரகாசம். பிராட்வேக்கு இப்போது அவர் பெயர்தான். தர்மராஜ ஐயர், வெங்கடேசுவர ஐயர் என்ற இரண்டு கூட்டாளிகள் விசாரணைக்கே வரவில்லை. போலீஸ் தேடத் தொடங்கியதும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவர்களை யார் நினைக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் உறுத்தல்.

ஆனால் என்னை உலுக்கியது வியாசர்பாடியில் நடந்த பேச்சு. அம்பேத்கர் படிப்பு வட்டத்தை நடத்திய பெரியவர் ஒருவரிடம் வாஞ்சியைப் பெருமையாகச் சொன்னேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, "செத்தப்ப வாஞ்சி சட்டைப் பையில இருந்த கடுதாசிய முழுசா படிச்சியாப்பா?" என்றார். படிக்கவில்லை. அவரே எடுத்துக் கொடுத்தார். நாட்டைப் பிடுங்கிக்கொண்ட வெள்ளைக்காரன் மேல் கோபம் அதில் இருக்கிறது. கூடவே, சனாதன தர்மத்தை மிதிக்கிறார்கள் என்ற ஆத்திரமும், மாட்டுக்கறி தின்னும் மிலேச்சனுக்கா முடிசூட்டுவது என்ற அருவருப்பும் இருக்கின்றன. பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் இங்கே கால் வைத்ததும் கொல்ல 3000 மதராசிகள் சபதம் எடுத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார். "மாட்டுக்கறி தின்னா மனுசன் இல்லன்னு சொல்ற கடுதாசிய, அதையே தின்னு வளர்ந்த நான் எப்படிப்பா கொண்டாடுவேன்?" என்று பெரியவர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் வராது.

இதன் மறுபக்கமும் பார்த்தேன். பிரசவ வலியில் துடித்த தாழ்த்தப்பட்ட பெண்ணை அக்கிரகாரம் வழியாக ஆஷ் தன் வண்டியில் கொண்டுபோனார், அதனால்தான் கொலை என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பெரம்பூர் நண்பர் ஒருவர் ஆவேசமாக அனுப்பினார். அதற்கு ஆதாரம் கிடையாது. வாஞ்சி தன் மனதில் இருந்ததைத் தானே எழுதி வைத்திருக்கும்போது, நாம் ஏன் இன்னொரு காரணத்தைக் கட்டிச் சொல்ல வேண்டும்? ஆஷ் நல்லவராக இருந்தால்தான் அந்தக் கடிதத்தின் சாதி வாடை நமக்குத் தெரியுமா என்ன? கப்பல் கம்பெனியை நசுக்கிய அதிகாரியாகவே ஆஷ் இருக்கட்டும். அந்நிய ஆட்சியை வெறுத்து உயிரையே கொடுத்தவராக வாஞ்சியும் இருக்கட்டும், அந்தக் கடிதத்தோடு சேர்த்தே.

அண்ணாச்சியிடம் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பிள்ள பொன்னம்மா என்ன பாவம்டே பண்ணிச்சு" என்றார். வாஞ்சியின் மனைவி. மணியாச்சி நிலையத்துக்கு வாஞ்சி பெயர் வைத்தாகிவிட்டது, செங்கோட்டையில் மணிமண்டபமும் வந்துவிட்டது. பொன்னம்மாளைப் பற்றி எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. செங்கோட்டை, புளியரைப் பக்கம் உறவு உள்ளவர்கள் இங்கே இருந்தால், உங்கள் பாட்டிமார் அவரைப் பற்றிச் சொன்னதை எழுதுங்கள்.