டிஎன்சி ரிசீவ் ஆகுது, ஆனா நான் அனுப்புற பாக்கெட் யாருக்கும் டிகோட் ஆகல

வேளச்சேரி_ஹேண்டி:
வணக்கம் ஓஎம்ஸ் (ஹாம் ரேடியோ நண்பர்களே). செகண்ட் ஹேண்ட்ல கான்ட்ரானிக்ஸ் கேபிசி-3 பிளஸ் டிஎன்சி (ரேடியோவையும் கம்ப்யூட்டரையும் சேக்குற பாக்கெட் மோடம்) ஒண்ணு கிடைச்சுது, ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு யூஎஸ்பி சீரியல் கேபிள் வாங்கி, டூ மீட்டர் ஹேண்டியோட (கையடக்க ஹாம் ரேடியோ) சேத்து ஏபிஆர்எஸ் (ரேடியோல இருப்பிடம், சின்னச் செய்தி அனுப்புற முறை) ஓட்டப் பாக்குறேன். மத்தவங்க பாக்கெட் பளிச்சுனு வருது. நான் பீக்கன் (என் இருப்பிடத்தைச் சொல்ற பாக்கெட்) விட்டா பிடிடி விழுது (ரேடியோ அனுப்புற நிலைக்கு மாறுது), இன்னொரு ஹேண்டில சத்தமும் கேக்குது, ஆனா பக்கத்து தெரு ஓஎம் கிட்ட டிகோட் ஆக மாட்டேங்குது. டிஎக்ஸ்டிலே (பிடிடி விழுந்து டேட்டா போறதுக்கு முன்னாடி காத்திருக்கிற நேரம்) 30. அதோட மேப் சாஃப்ட்வேரை கனெக்ட் பண்ணதுலேருந்து டெர்மினல்ல பிராம்ப்டே வரல, குப்பை எழுத்துதான் வருது. பாக்ஸ் போயிடுச்சா?

பெரம்பூர்_பாக்கெட்:
பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு தம்பி, பயப்படாதீங்க. சாஃப்ட்வேர் அதை கிஸ் மோடுக்கு (பிராம்ப்ட் இல்லாம சாஃப்ட்வேரே டிஎன்சியை நேரா ஓட்டுற முறை) மாத்தியிருக்கு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் அதுலயே நிக்கலாம். டெர்மினல் புரோகிராம்ல 192, 255, 192னு மூணு பைட் அனுப்புங்க, வெளிய வந்துடும். பிராம்ப்ட் வந்ததும் இன்ட்ஃபேஸ் டெர்மினல்னு கொடுத்துடுங்க.

டிஎக்ஸ்டிலே கணக்கு 10 மில்லி செகண்ட், 30னா 300 மில்லி செகண்ட். சில ஹேண்டிக்கு அது பத்தாது, பவர் முழுசா வர்றதுக்குள்ள பாக்கெட்டோட தலை போயிடும். 50 வச்சுப் பாருங்க, மேப் சாஃப்ட்வேர்லயும் அதே 50 இருக்கணும், கிஸ்ல அது சொல்றதுதான் செல்லும். ஹேண்டில பேட்டரி சேவ், டூயல் வாட்ச் ரெண்டையும் ஆஃப் பண்ணிடுங்க.

தாம்பரம்_ஓஎம்:
டிலே சரிதான், ஆனா எனக்கு சந்தேகம் ஆடியோ லெவல் மேலதான். 1200 பாட்ல 1200, 2200 ஹெர்ட்ஸ்னு ரெண்டு டோன். மைக் ஜாக் வழியா போனா ஹேண்டி ப்ரீஎம்ஃபசிஸ் போட்டு 2200ஐ இன்னும் தூக்கி விடும், லெவல் ஜாஸ்தியா இருந்தா லிமிட்டர் அதை வெட்டிடும், காதுக்கு கணீர்னுதான் இருக்கும் ஆனா டிகோடருக்கு ஒண்ணும் புரியாது. இன்னொரு ஹேண்டில கேட்டுக்கிட்டே எக்ஸ்எம்ஐடிஎல்விஎல் (டிஎன்சி அனுப்புற ஆடியோ லெவல்) மதிப்பை இறக்கிக்கிட்டே வாங்க. முதல்ல சத்தம் மாறாது, ஒரு இடத்துல குறைய ஆரம்பிக்கும், அதுக்கும் கொஞ்சம் கீழ வச்சு நிறுத்துங்க. நிறைய பேர் சத்தம் பெருசா இருந்தா நல்லதுன்னு நினைக்கிறாங்க, பாக்கெட்டுக்கு அது நேர் எதிர்.

வேளச்சேரி_ஹேண்டி:
ரொம்ப நன்றி சார், லெவலை இறக்கினதும் பக்கத்து தெருவுல உடனே டிகோட் ஆயிடுச்சு! கிஸ்லேருந்தும் வெளிய வந்தாச்சு. ஆனா ஃபுல் பவர்ல அனுப்பினா லேப்டாப்ல சீரியல் போர்ட் காணாம போகுது, லோ பவர்ல அப்படி ஆகல.

பெரம்பூர்_பாக்கெட்:
ஆர்எஃப் (ரேடியோ அலை) யூஎஸ்பி கேபிள்ல ஏறுது. ரப்பர் டக் ஆன்டெனா லேப்டாப் பக்கத்துலயே இருக்கும்னு நினைக்கிறேன். கேபிளோட ரெண்டு முனைலயும் கிளிப் ஃபெரைட் மாட்டுங்க, ஆன்டெனாவை மொட்டை மாடிக்கு ஏத்துங்க. அப்புறம் 145.825 மெகாஹெர்ட்ஸ் போட்டு, பாத்ல (பாக்கெட் போற வழி) ஏஆர்ஐஎஸ்எஸ்னு வச்சு, விண்வெளி நிலையத்தோட டிஜிபீட்டர் (பாக்கெட்டை வாங்கித் திரும்ப அனுப்புற கருவி) ஆன்ல இருக்கிறப்ப, அது வானத்துல உயரமா கடந்து போற ஒரு பாஸ்ல அனுப்பிப் பாருங்க. 73 (வாழ்த்துகள்)