ரொறன்ரோவிலிருந்து பனிச்சறுக்குப் பயணம்: எந்தக் காரை வாங்கலாம்?

ஸ்காபரோவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஸ்காபரோவில் வசிக்கிறோம். 8 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள். இருவருக்கும் பனிச்சறுக்கலில் ஈடுபாடு கூடிவிட்டதால், சனவரியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை சனிக்கிழமைகளில் கொலிங்வுட்டுக்கு அருகிலுள்ள புளூ மவுண்டனுக்கோ, பரி நகருக்கு வடக்கே 400ஆம் நெடுஞ்சாலையோரம் இருக்கும் மவுண்ட் சென்ற் லூயிஸ் மூன்ஸ்ரோனுக்கோ போய் வருகிறோம். மார்ச் விடுமுறையில் கியூபெக்கின் மொன் ட்ரெம்ப்ளானுக்கும் போவதுண்டு. சில பயணங்களில் என் அம்மாவும் உடன் வருவார்.

இப்போது எங்களிடம் இருப்பது முன்சக்கர இயக்கமுள்ள பழைய கொரோலா. நான்கு பேரின் பலகைகளும் சப்பாத்துகளும் தலைக்கவசங்களும் இனி அதற்குள் அடங்கப்போவதில்லை. 40,000 டொலருக்குள், சில ஆண்டுகள் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை என்று தேடத் தொடங்கியபோது, ஒரு விற்பனையாளர் நான்கு சக்கர இயக்கமுள்ள எஸ்யூவி ஒன்றைக் காட்டி, இதை வாங்கினால் குளிர்கால ரயரே தேவைப்படாது என்று உறுதியாகச் சொன்னார். அது உண்மையா என்பதையும், எங்களைப் போன்ற குடும்பத்துக்கு எஸ்யூவி பொருந்துமா, வான் பொருந்துமா, ஹைபிரிட்டையோ (பெற்றோல் இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்த கார்) முழு மின்காரையோ நம்பிக் குளிர்காலத்தில் இவ்வளவு தூரம் போகலாமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வடக்குவீதி எழுதியது:

விற்பனையாளர் சொன்னது தவறு. உங்கள் பயணங்களுக்கு அது ஆபத்தான தவறும்கூட.

நான்கு சக்கர இயக்கம் செய்வது ஒன்றே ஒன்றுதான்: இயந்திரத்தின் விசையை இரண்டு சக்கரங்களுக்குப் பதிலாக நான்குக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. ஆகவே நின்ற இடத்திலிருந்து புறப்படவும் ஏற்றத்தில் ஏறவும் அது உதவும். ஆனால் பிரேக் என்பது எல்லாக் கார்களிலும் ஏற்கெனவே நான்கு சக்கரங்களிலும் இருக்கிறது. பனியில் கார் எவ்வளவு தூரத்தில் நிற்கும், வளைவில் பாதையை விட்டு விலகுமா என்பதையெல்லாம் தீர்மானிப்பது ரயரின் இறப்பர் வீதியைப் பற்றிக்கொள்ளும் திறன்தான். சொல்லப்போனால், நான்கு சக்கர இயக்கமுள்ள கார் தயக்கமின்றி வேகமெடுப்பதால், வீதி எவ்வளவு வழுக்குகிறது என்பது முதன்முறை பிரேக்கை மிதிக்கும்போதுதான் ஓட்டுநருக்குத் தெரியவருகிறது. 400ஆம் நெடுஞ்சாலையில் பனி கொட்டிய பிறகு பள்ளத்துக்குள் கிடக்கும் வாகனங்களில் எஸ்யூவிகளுக்குக் குறைவிருக்காது.

வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது எல்லாப் பருவ ரயர்களின் இறப்பர் இறுகத் தொடங்கிவிடும். குளிர்கால ரயரின் கலவையோ கடுங்குளிரிலும் நெகிழ்ந்தே இருக்கும். வாங்கும்போது ரயரின் பக்கச் சுவரில் மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் பொறித்த சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘எம் பிளஸ் எஸ்’ என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் போதாது. அவை ரயரின் வெட்டு அமைப்பைக் குறிப்பவையே தவிர, பனியில் சோதித்துத் தேறியதற்கான அடையாளம் அல்ல. கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம். உங்கள் கார் ஒன்ராறியோவில் பதிவானது என்பதால் அந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ட்ரெம்ப்ளான் வீதிகளில் உங்களைச் சுற்றி ஓடும் கார்கள் எல்லாம் விரைவில் நிற்கக்கூடியவை என்பதை நினைவில் வைத்திருங்கள். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லாவிட்டாலும், குளிர்கால ரயர் பூட்டிய கார்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு கொடுக்க வேண்டும் என்ற விதி 2016 முதல் நடைமுறையில் உள்ளது. தொகை சிறியதுதான், ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்.

நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். முன்சக்கரங்களுக்கு மட்டும் மாற்றிச் செலவைக் குறைத்தால், பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் வீதியைப் பற்றிக்கொள்ள, பின்பக்கம் சுழன்றுவிடும்.

காரைத் தெரிவு செய்யும்போதே ரிம்மின் அளவையும் பாருங்கள். ஒரே காரின் உயர்ந்த பதிப்பு 19 அங்குல ரிம்மோடு வந்தால், கீழ்ப்பதிப்பு பெரும்பாலும் 17 அங்குலத்தோடு வரும். சிறிய ரிம்முக்கான ரயர் விலை குறைந்தது, அதன் பக்கச் சுவரும் உயரமானது; பனிக்குக் கீழே மறைந்திருக்கும் குழியில் விழுந்தாலும் ரிம் வளைவது அரிது. ரிம்மோடு சேர்த்து ஒரு தொகுதிக்கு 1,500 டொலர் அளவில் உங்கள் 40,000க்குள்ளேயே ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சப் பணத்துக்குக் கார் தேடுவதே என் பரிந்துரை.

கொலிங்வுட்பக்கம் எழுதியது:

ரயரைப் பற்றி மேலே எழுதியவரோடு முழுதாக உடன்படுகிறேன். ஆனால் அதை வாசித்துவிட்டு நான்கு சக்கர இயக்கம் வீண் செலவு என்று முடிவு செய்துவிட வேண்டாம். நெடுஞ்சாலையில் அது பெரிதாகத் தேவைப்படாது. தேவைப்படுவது கடைசி அரைக் கிலோமீற்றரில்தான். மலையடிவாரத்தில் வாடகைக்கு எடுக்கும் வீடுகளின் சரிவான வாகனப் பாதைகளிலும், பனியகற்றும் வண்டி வீட்டு வாசலில் ஒதுக்கிவிட்டுப் போன மேட்டைக் கடக்கும்போதும், மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறும் தரிப்பிடத்தின் மிதிபட்டு இறுகிய பனியிலும் முன்சக்கர இயக்கக் கார்கள் சுற்றிக்கொண்டு நிற்பதை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறோம். அங்கே தரையிலிருந்து காரின் அடிப்பகுதி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியமாகிறது. சுபாருவின் கிறொஸ்ட்ரெக், பொரஸ்ரர் இரண்டிலும் அது ஏறத்தாழ 220 மில்லிமீற்றர். நான்கு சக்கர இயக்கமும் அடிப்படைப் பதிப்பிலேயே கிடைத்துவிடும்.

எந்தக் காராலும் தீர்க்க முடியாத ஒன்றும் இங்கே உண்டு. ஜோர்ஜியன் குடா உறையாமல் இருக்கும் காலத்தில் வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்று நீரின் ஈரத்தை அள்ளிவந்து, ஒடுங்கிய பட்டைகளாகப் பனியைக் கொட்டும். பரியில் வெயில் எறிக்கும். 26ஆம் நெடுஞ்சாலையில் ஸ்ரெய்னரைத் தாண்டும்போது முன்னால் போகும் காரின் விளக்கே தெரியாது. காவல்துறை வீதியை மூடிவிடுவதும் உண்டு. புறப்படுமுன் வீதி நிலைமையைக் காட்டும் ஒன்ராறியோ 511 தளத்தைப் பார்த்து, வீதி மூடியிருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

வாட்டர்லூ தமிழன் எழுதியது:

இயக்கத்தைப் பற்றியும் டயரைப் பற்றியும் எல்லோரும் பேசிவிட்டார்கள். கேள்வி கேட்டவரின் உண்மையான தொல்லை இடப்பற்றாக்குறை என்பதால் நான் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பெரியவர்களின் பலகைகள் பொதுவாக 160 முதல் 180 செ.மீ. வரை இருக்கும். நடுத்தர எஸ்யூவி எதிலும் பின்னிருக்கையை மடக்காமல் அவற்றை உள்ளே நீட்டி வைக்க முடியாது. எனவே பின்னிருக்கை எப்படி மடங்குகிறது என்பதை இயந்திரத்தின் குதிரைத்திறனுக்கு முன்பே கேட்க வேண்டும். டொயோட்டா ரவ்4, ஹொண்டா சிஆர்-வி போன்ற எஸ்யூவிகளில் இருக்கை 60-40 என்று இரண்டாகத்தான் பிரிகிறது. சிறிய பகுதியை மடக்கிப் பலகைகளை வைத்தால், பிள்ளைகள் இருவரும் மிச்சப் பகுதியில் நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டும், உங்கள் அம்மாவுக்கு இடமே இருக்காது. மாஸ்டா சிஎக்ஸ்-5 காரில் 40-20-40 என்று மூன்றாகப் பிரிவதால், நடுப்பகுதியை மட்டும் சாய்த்துப் பலகைகளை நடுவே செலுத்திவிட்டு இருபுறமும் ஒவ்வொருவர் வசதியாக உட்காரலாம். விளம்பரங்களில் இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. எப்படி வைத்தாலும் பட்டையால் இறுகக் கட்டுங்கள். திடீரென்று பிரேக் போட்டால் கட்டாத பலகை நேராக முன்னிருக்கைக்கு வரும்.

கூரைப் பெட்டி நல்ல தீர்வுதான், ஆனால் வாங்கும் முன் மூன்று விஷயங்களை அளந்து பாருங்கள். கூரை தாங்கும் எடையைக் காரின் கையேட்டில் பார்த்து, பெட்டியின் எடையையும் தாங்குகம்பிகளின் எடையையும் அதிலிருந்து கழியுங்கள். பின்கதவை முழுதாகத் திறக்கும்போது பெட்டியில் இடிக்கிறதா என்று பாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர் என்றால், நிலத்தடி வாகன நிறுத்தத்தின் உயர வரம்பையும் கேட்டுக்கொள்ளுங்கள்: 1.7 மீட்டர் உயரமுள்ள எஸ்யூவியின் மேல் கம்பியும் பெட்டியுமாக அரை மீட்டர் ஏறினால் 2.2 மீட்டராகிவிடும். நெடுஞ்சாலையில் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும் என்பதால், பருவம் முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவது நல்லது.

ஐந்து பேர் போவதாக இருந்தால் நான் வேன் பக்கம்தான் நிற்பேன். டொயோட்டா சியன்னா 2021ஆம் ஆண்டு மாடலிலிருந்து ஹைபிரிடாக மட்டுமே வருகிறது. நான்கு சக்கர இயக்கத்தோடும் கிடைக்கிறது. மூன்றாம் வரிசையில் ஒரு பகுதியைத் தரைக்குள் மடக்கிப் பலகைகளை நீளவாக்கில் கிடத்தினாலும், மறுபகுதியில் ஒரு பிள்ளை உட்காரலாம். இரண்டாம் வரிசை இருக்கைகளைப் பழைய மாடல்களைப் போலக் கழற்றி வெளியே வைக்க முடியாது என்பது ஒரு குறை.

ஈரத்தையும் மறந்துவிடாதீர்கள். நான்கு ஜோடி நனைந்த காலணிகளும் மேலங்கிகளும் உள்ளே வந்தால், திரும்பும் வழியில் கண்ணாடி முழுவதும் ஆவி படிந்துவிடும். விளிம்பு உயர்ந்த ரப்பர் விரிப்புகளைப் போட்டுக்கொண்டு, உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அணைத்துவிட்டு, வெப்பத்தோடு ஏசியையும் சேர்த்து ஓடவிடுங்கள். குளிர்காலத்தில் ஏசி எதற்கு என்று கேட்பார்கள். காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுப்பதே அதுதான்.

மொன்றியல்வாசி எழுதியது:

மின்கார் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கனடிய வாகனக் கழகமான சிஏஏ 2025 பெப்ரவரியில் 13 மின்கார்களை ஒட்டாவாவிலிருந்து மொன் ட்ரெம்ப்ளான் வரை, அதாவது கிட்டத்தட்ட உங்கள் பயணத்தின் கடைசிப் பகுதியிலேயே, ஓட்டிச் சோதித்தது. −7 முதல் −15 பாகை வரையான குளிரில், அறிவிக்கப்பட்ட ஓடுதூரத்தில் 14 முதல் 39 விழுக்காடு வரை குறைந்தது. இவ்வளவு பெரிய வேறுபாடு காருக்குக் கார் இருப்பதால், மின்கார் குளிருக்கு ஆகுமா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. நீங்கள் நினைத்திருக்கும் அந்த ஒரு மாதிரி எப்படி நடந்துகொண்டது என்று தேடிப் பாருங்கள். 500 கிலோமீற்றர் என்று அறிவித்த கார் இந்தக் கணக்கில் 305 முதல் 430 வரைதான் போகும். கூரைப் பெட்டியும் இருந்தால் இன்னும் குறையும்.

ஸ்காபரோவிலிருந்து கொலிங்வுட் போய்வர, குளிரில் ஓடுதூரம் அதிகம் குறையாத காருக்கு அது போதும்; அதிகம் குறையும் காரென்றால் இடையில் மின்னேற்ற வேண்டி வரலாம். ட்ரெம்ப்ளானோ ஏறத்தாழ 600 கிலோமீற்றர். வழியில் ஒரு தடவையாவது, குளிர் கூடினால் இரு தடவையும் மின்னேற்ற வேண்டும். விடுமுறைக் காலத்தில் மின்னேற்றியில் வரிசை இருக்கும். மின்காரே வேண்டும் என்றால் ஹீற் பம்ப் (குறைந்த மின்சாரத்தில் காரின் உட்புறத்தைச் சூடாக்கும் கருவி) உள்ளதாகவும், மின்னேற்றியை அடையுமுன் மின்கலத்தைத் தானே சூடாக்கிக்கொள்வதாகவும் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு நீண்ட பயணமும் வாரந்தோறும் நடுத்தரப் பயணமும் உள்ள உங்களுக்கு ஹைபிரிட்டே தலையிடி குறைந்தது. நான்கு சக்கர இயக்கமுள்ள ரவ்4 ஹைபிரிட், சியன்னா இரண்டிலும் பின்சக்கரங்களைத் தனி மின்மோட்டார் இயக்குகிறது. புறப்படவும் ஏற்றத்தில் ஏறவும் அது தாராளமாகப் போதும்.

பழைய ரவ்4 ஹைபிரிட் வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. 2019ஐ ஒட்டிய மாதிரிகளில் பின்மோட்டாருக்குப் போகும் உயர் மின்னழுத்தக் கம்பியின் இணைப்பு வீதி உப்பினால் துருப்பிடிக்கும் சிக்கல் இருந்தது. நிறுவனம் அதற்கான உத்தரவாதத்தை நீட்டித்தது. அந்தக் குறிப்பிட்ட காரில் கம்பி மாற்றப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள்.

மொன்ரெபெல்லோவிலிருந்து ட்ரெம்ப்ளானுக்கு ஏறும் 323ஆம் வீதி அழகானது. ஆனால் இரு வழித்தடம் மட்டுமே கொண்டது, மேடு பள்ளமும் வளைவும் நிறைந்தது. பனி கொட்டும் இரவில் தூரம் கூடினாலும் மொன்றியல் சுற்றி 15ஆம் நெடுஞ்சாலையில் வருவதையே நான் விரும்புவேன்.

ஸ்காபரோவாசி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இருக்கை எப்படி மடங்குகிறது என்பதை நான் யோசித்தே பார்க்கவில்லை. அம்மா வருவதால் இப்போது நான்கு சக்கர இயக்கமுள்ள சியன்னாவின் பக்கம் மனம் சாய்கிறது. ஆனால் அதன் அடிப்பகுதி எஸ்யூவியை விடத் தாழ்வானது என்பதால், ஐந்து பேரும் சாமான்களும் ஏறிய பிறகு பனியில் உரசுமோ என்ற ஐயம் இருக்கிறது.

கொலிங்வுட்பக்கம் எழுதியது:

நீங்கள் போகும் மூன்று இடங்களிலும் பிரதான வீதிகளும் தரிப்பிடங்களும் ஒழுங்காகத் துப்பரவு செய்யப்படுபவை. அங்கே சியன்னாவுக்குத் தடையிருக்காது. உட்பகுதியில் வீடு வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், வாகனப் பாதையை யார், எத்தனை மணிக்குத் துப்பரவு செய்வார்கள் என்று முன்பதிவின்போதே கேளுங்கள், காரில் ஒரு சவளும் வைத்திருங்கள். தாழ்வாக இருப்பதில் உங்களுக்கு நன்மையும் உண்டு: தள்ளுகதவும் தாழ்ந்த படியும் அம்மா ஏறி இறங்க எஸ்யூவியை விட எளிதாக இருக்கும்.

பரிசோதனை ஓட்டத்துக்குப் போகும்போது வீட்டிலுள்ள மிக நீளமான பலகைகளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், எல்லாவற்றையும் ஏற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ரயர் பூட்டுவதற்கான நேரத்தை ஒக்ரோபரிலேயே பதிவு செய்துவிடுங்கள். முதல் பனி விழுந்த மறுநாள் தொலைபேசி எடுத்தால் மூன்று வாரம் கழித்துத்தான் இடம் கொடுப்பார்கள்.