டைவர் வாட்சுக்குள் மெஷின் ஆடுகிறது, பசை வைக்கலாமா?

பெரம்பூர்வாசி:
2004-ல் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சீகோ எஸ்கேஎக்ஸ்007 டைவர் வாட்ச் என்னிடம் இருக்கிறது. அதன் 7எஸ்26 மெஷின் நாளுக்கு ஐந்து நிமிடம் பிந்த ஆரம்பித்ததால், போன மாதம் பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் என்எச்36 மெஷின் போட்டேன். நேரம் சரியாகத்தான் ஓடுகிறது. ஆனால் கையை உதறினால் உள்ளே "டொக்" என்கிறது. சாவியை இழுத்து முள்ளைத் திருப்பும்போது டயலே மயிரிழை அளவு நகர்கிறது. கடைக்காரரிடம் காட்டினேன். "ஆட்டோமேட்டிக் என்றால் அப்படித்தான் சார்" என்று அனுப்பிவிட்டார். இத்தனை வருடம் கேட்காத சத்தம் இப்போது எங்கிருந்து வந்தது? பின்மூடியைத் திறந்து ஒரு துளி ஃபெவிக்விக் வைத்தால் போதும் என்கிறான் தம்பி. வைக்கலாமா?

திருவல்லிக்கேணி மெக்கானிக்:
தம்பி, முதலில் பசையை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். அந்த வகைப் பசை காயும்போது எழும் ஆவி, கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளையாகப் படியும். ஆடி ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தில் ஒரு துளி பட்டால் புது மெஷினும் போய்விடும்.

கை அசைவில் சுழன்று வாட்சுக்குச் சாவி கொடுக்கும் எடைத் தகடுதான் ரோட்டர். அதன் சத்தம் வேறு, மெஷின் இடிக்கிற சத்தம் வேறு. ரோட்டர் சர்ரென்று வழுக்கிக்கொண்டு ஓடும். "டொக்" என்று ஒரே அடியாக அடிப்பது மெஷின்தான். சாவியோடு டயலும் நகர்கிறது என்று எழுதினீர்களே, அதிலேயே நோய் தெரிந்துவிட்டது.

இந்தக் கேஸில் மெஷினைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்க வேண்டும். பின்மூடியை முறுக்கினால் அது வளையத்தை அழுத்தும், வளையம் மெஷினை அசையாமல் பிடிக்கும். வளையம் இல்லையென்றால் மெஷினைத் தாங்குவது சாவித் தண்டு ஒன்றுதான். தாங்குவதற்கா அதைச் செய்தார்கள்? நாளடைவில் தண்டு வளையும், சாவியின் வாஷர் ஒரு பக்கமாகத் தேயும். அதன்பின் டயலில் 200 மீட்டர் என்று எழுதியிருப்பதை நம்பிக் கடலில் இறங்காதீர்கள்.

பழைய மெஷினைத் திருப்பிக் கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் அதன் இடுப்பைப் பாருங்கள், வளையம் அதிலேயே இருக்கலாம்.

அடையாறு நண்பன்:
பெரியவர் சொல்வதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடலாம். ரோட்டரின் நடுத் திருகு தளர்ந்திருந்தாலும் சத்தம் வரும். பின்மூடியின் உட்புறத்தில் வட்டமாகக் கீறல் விழுந்திருந்தால் அதுதான் காரணம். இன்னொன்று: தேதி சாய்ந்து தெரிகிறதா? இந்த மாடலில் சாவி நான்கு மணிப் பக்கம் இருப்பதால் மெஷினையே திருப்பி வைத்திருப்பார்கள். மூன்று மணிச் சாவிக்கான கிழமை, தேதிச் சக்கரங்களோடு அப்படியே மாட்டினால் எழுத்து கோணலாக நிற்கும்.

திருவல்லிக்கேணி மெக்கானிக்:
தேதிச் சக்கரம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ரோட்டர் திருகு தளர்ந்தால் டயல் எதற்கு ஐயா நகர வேண்டும்?

பெரம்பூர்வாசி:
தேதி நேராகத்தான் இருக்கிறது. பழைய மெஷினைச் சின்ன டப்பாவில் போட்டுத் தந்திருந்தார்கள், இன்றுதான் திறந்தேன். வெள்ளை வளையம் அதிலேயே மாட்டியிருக்கிறது! புதிய மெஷினுக்கு இது பொருந்துமா? நானே மாற்றிவிடலாமா?

திருவல்லிக்கேணி மெக்கானிக்:
பொருந்தும். இரண்டுக்கும் விட்டம் 27.4 மில்லிமீட்டர்.

நீங்கள் மாற்ற வேண்டாம். மெஷினை வெளியே எடுக்கத் தண்டைக் கழற்ற வேண்டும். அதற்கு அழுத்துகிற புள்ளி குண்டூசித் தலை அளவுகூட இருக்காது. சாமணம் வழுக்கினால் பேலன்ஸ் சக்கரத்தில் போய் இடிக்கும். பக்கத்தில் கைப்பழக்கம் உள்ள ஒருவரிடம் வளையத்தைக் கொண்டுபோங்கள். வாட்சைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், எதிரில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். பின்மூடி வாஷரைப் புதிதாக வாங்கி, சிலிக்கான் கிரீஸ் தொட்டுப் போடச் சொல்லுங்கள். சென்னை வியர்வைக்கு அது அவசியம். முடிந்ததும் வாட்சைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணாடியின் மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். உள்ளே மூட்டம் கட்டினால் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

பெரம்பூர்வாசி:
சனிக்கிழமை எங்கள் தெருமுனைக் கடையில் எதிரில் உட்கார்ந்தே வேலையை முடித்தேன். அரை மணி நேரம் ஆனது. கேஸுக்கும் மெஷினுக்கும் நடுவே மடித்துச் செருகியிருந்த காகிதத்தை அவர் சாமணத்தால் இழுத்து மேசையில் விரித்தார். பஸ் டிக்கெட்டின் மூலை! வளையம் போட்டபின் டயல் அசையவில்லை, சத்தமும் இல்லை. சொட்டு நீர் விட்டுப் பார்த்தேன், மூட்டமும் கட்டவில்லை. டிக்கெட் துண்டைப் பழைய மெஷினோடு அதே டப்பாவில் வைத்திருக்கிறேன். பாரிமுனைப் பக்கம் அடுத்த முறை போகும்போது எடுத்துப் போவேன்.